ஆவுடையம்மாள் பெயருக்குப் பக்கத்தில்

“பொம்பளைகள் பேசுத பேச்சுக்கு எங்கனயிருந்தும்மா ஆதாரம் காட்டுவே?”

எங்கள் தமிழ்ப் பண்டிதர் என்னை இப்படிக் கேட்டபோது எனக்கு வயது பத்தொன்பது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. பொடி டப்பியைத் தட்டித் திறந்துகொண்டே, சாப்பிட்டாயா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. நம் பக்கத்துப் பெண்கள் மழைக்கு வழங்கும் சொற்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பாட்டில் வரும் சொல்லென்றால் பாட்டைக் காட்டலாம், நிகண்டில் இருந்தால் நிகண்டைக் காட்டலாம், படித்துறையில் கேட்ட சொல்லுக்கு எதைக் காட்டுவது என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. “காட்டுதேன் ஐயா. ஒவ்வொரு சொல்லுக்கும் காட்டுதேன்,” என்றேன். எனக்குப் பெருமை வந்தால் கழுத்து தானாக நீண்டுவிடும் என்று அம்மா சொல்வாள். அன்று எவ்வளவு நீண்டதோ, பண்டிதர்தான் சொல்லவேண்டும்.

இத்தனை வருஷம் கழித்து அது நினைவுக்கு வந்ததற்கு என் மாணவி ஒருத்திதான் காரணம். போன வாரம் பாளையங்கோட்டையில் என் வகுப்புப் பெண்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் அடிக்குறிப்புக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார்கள். இவள் மட்டும் எங்கோ ஒரு பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது. முதல் குறிப்புக்கு ஒரு நட்சத்திரம், இரண்டாவதற்கு ஒரு சிலுவை. அந்தச் சிலுவையைச் சிவப்பு மையில், கோடு பிசகாமல், அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். நான் சந்திப்பிழைகளைத் திருத்தினேன், ஒருமை பன்மையைத் திருத்தினேன், அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் வந்து நின்றாள். “அடிக்குறிப்பு தப்பாம்மா?”

“தப்பில்ல.”

“அப்ப மார்க்கு போடலியே?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

மையின் வாசனை எனக்குப் பிறந்த வீட்டு வாசனை. அப்பா அச்சுக்கூடத்தில் சக்கரம் சுற்றுகிறவர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்துவிடும். அம்மா அவர் வேட்டியைத் தனியாகத்தான் துவைப்பாள். வாழ்நாள் முழுக்க எழுத்துகளை அச்சடித்த அப்பாவுக்கு ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக்கூட்டியவள் நான்தான். இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள். இப்போதுகூட எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், பாருங்கள்.

மை சரியாகப் படியாத தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றை வைத்துத்தான் நான் வாசிக்கக் கற்றேன். பெரும்பாலும் மிஷன் மாதப் பத்திரிகையின் தாள்கள். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த மாதம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள் இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிலுவையோடு. என் பெயர் முதன்முதலில் அச்சேறியதும் அங்கேதான், நான் கைக்குழந்தையாக இருந்தபோது. அப்பா அந்தத் தாளைத் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருப்பது ஒரு கௌரவம் என்றுதான் நான் வளர்ந்தேன். மற்றவர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் வேலை கல்லிடைக்குறிச்சியில் கிடைத்தது. மிஷன் நடத்திய சிறிய பெண்பிள்ளைப் பள்ளி. ஓர் அறை, ஒரு வாத்திச்சி, அதாவது நான். காலையில் பள்ளி. சாயங்காலம், வெளியே வரமுடியாத பெண்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில வீடுகளில் வாசலோடு சரி. சில வீடுகளில் முற்றம் வரைக்கும். ஆற்றுக்குப் போகிற தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் மொட்டைமாடி வரைக்கும் என்னை விட்டார்கள்.

அது அப்பளம் போடுகிற வீடு. தெருமுனை திரும்பும்போதே உளுந்தும் பெருங்காயமும் மூக்கில் ஏறும். இன்றைக்கும் யார் வீட்டுப் பந்தியிலாவது இலையில் அப்பளம் விழுந்தால் எனக்குக் கை நின்றுபோகிறது. அந்த வீட்டு மூத்த மருமகள்தான் ஆவுடையம்மாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். அவர் எழுதும் காகிதத்தைக் கொழுந்தன் வாசித்துக்காட்ட, பக்கத்தில் மாமியாரும் உட்கார்ந்து கேட்பாள். “எனக்குன்னு எழுதுனதையும் ஊரைக் கூட்டி வச்சுத்தான் கேக்கணுமா?” என்று ஆவுடை அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் படிக்க வந்த காரணம் அதுதான்.

அவள் கற்ற வேகத்தை நான் சொன்னால் என் பெருமைக்காகச் சொல்கிறேன் என்பீர்கள். கொஞ்சம் அதற்காகவும்தான். பலகையில் சிந்திய உளுத்தமாவை உள்ளங்கையால் பரப்பி, அதில் விரலால் எழுதுவாள். தப்பாகப் போனால் ஊதிவிடுவாள். ஒரு வருஷத்துக்குள் பத்திரிகை வாசித்தாள். பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இன்னொரு வாத்திச்சி இல்லாவிட்டால் பள்ளியை நடத்துவது கஷ்டம் என்று மிஷன் துரைசாணி அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடை அக்கா வாத்திச்சி வேலைக்கான கீழ்ப் பரீட்சை எழுதித் தேறினால் அவளையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். துரைசாணி சம்மதித்தாள். கொழும்பிலிருந்து அவள் புருஷனும், தெரு தாண்டாத பள்ளிதானே, போகட்டும் என்று எழுதிவிட்டார். மாமியார் மட்டும், “பரீட்சைக்குப் போயிட்டு வந்து மாவு இடிப்பியா, இல்ல மாவுக்கும் பரீட்சை வைப்பியா?” என்று கேட்டாள். அது அவள் பாணியில் சம்மதம். தை மாதம் பரீட்சை.

இதற்கு நடுவில்தான் என் கட்டுரை வந்தது.

ஒருநாள் சாயங்காலம் மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பொதிகைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளைத்திரை போட்டதுபோல மழை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் புடவையைச் செருகிக்கொண்டு பாயைச் சுருட்டப் போனேன்.

“ஏட்டி வாத்திச்சி, பைய இரு. அது பொறுமழை,” என்றாள் ஆவுடை அக்கா.

“பொறுமழைன்னா?”

“அங்கனயே பெய்யும். இங்கன வராது. பொறுத்தாப் போயிரும். அப்பளத்தை அள்ள வைக்குத அள்ளுமழைன்னா நான் சொல்லுததுக்கு முன்னால எங்கத்தை கத்திருப்பாக.”

கீழேயிருந்து மாமியார், “நான் ஏன் கத்துதேன்? வாத்திச்சி இருக்கால்லா, அவ மழையையும் படிச்சுச் சொல்லுவா,” என்றாள்.

மழை அக்கரையிலேயே பெய்து போனது. பொறுமழை, அள்ளுமழை. இரண்டும் எந்த நிகண்டிலும் இல்லை. அப்பளம் போடுகிற பெண்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சொற்கள் தேவைப்பட்டிருக்காது. அன்று ராத்திரியே பண்டிதருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று கனவு காண ஆரம்பித்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஆசிரியர்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் ஒரு கூட்டம் உண்டு. வாசிக்கப்போகும் கட்டுரையை முன்னதாகவே மிஷன் பத்திரிகையில் அச்சிட்டுவிடுவார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எப்படி இருக்கவேண்டும் என்று துரைசாணி அம்மாள் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். யார் சொன்னது, எங்கே சொன்னது என்பது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் அடியில் வரவேண்டும். சொன்னவர் பெண்ணானால் அவள் பெயர், கணவன் பெயர், தெரு, ஊர். ஒரு பக்கத்தில் முதல் குறிப்புக்கு நட்சத்திரம், இரண்டாவதற்குச் சிலுவை, மூன்றாவதற்கு இரட்டைச் சிலுவை. இந்த வரிசை மாறக்கூடாது. சீமையில் எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தானாம். வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வதுபோல அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டேன்.

கணவன் பெயர் என்ற இடத்தில் முதல் சங்கடம் வந்தது. ஆவுடை அக்கா புருஷன் பெயரைச் சொல்வாளா?

“அவுக பேரு எதுக்கு?” என்றாள்.

“அடிக்குறிப்புக்கு வேணும்க்கா.”

“ஆடித்தபசுக்கு எந்தூருக்குப் போவாக?”

“சங்கரன்கோயிலுக்கு.”

“அங்கன இருக்க சாமி.”

“சங்கரநாராயணனா?”

“பாதி சரி.”

“சங்கரலிங்கமா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பளத்தைத் திருப்பிப்போட்டாள். மாமியார்தான் கிறிஸ்தவப் பெண்ணான என்னைப் பார்த்து, “வேதக்காரப் பிள்ளைக்கு எங்க சாமி பேரெல்லாம் அத்துபடியா இருக்கே,” என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். பேர், புருஷன் பேர், தெரு, ஊர். வாத்திச்சி கேட்டால் மாணவி சொல்லுவாள் இல்லையா, அப்படித்தான் அவளும் சொன்னாள்.

அடுத்ததாக நான் ஒரு மரியாதைக் காரியம் செய்தேன். ஆவுடை அக்காவின் சொற்கள்தான் கட்டுரையின் முதல் பக்கத்தில் முதலாவதாக இருந்தன. ஆனால் எங்கள் போதகரின் மனைவியும் எனக்கு ஒரு சொல் கொடுத்திருந்தாள். பெரிய மனுஷியைப் பின்னால் போட்டால் நன்றாக இருக்காதே என்று அவள் சொல்லை முன்னால் கொண்டுவந்தேன். அவளுக்கு நட்சத்திரம் போனது. ஆவுடை அக்கா இரண்டாவதானாள்.

கட்டுரை அச்சுக்குப் போனபோது விடுமுறைக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அச்சுக்கூடத்துக்கும் போய் நின்றேன். அங்கே எழுத்துக் கோக்கிறவர் ஞானமுத்து அண்ணாச்சி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

“இந்தா பாரு, பொடி எழுத்துல சிலுவைக்குறி தேஞ்சு கெடக்கு. விழவே விழாது. ரெண்டு நட்சத்திரமாப் போட்டுருதேன்.”

“அது முறை இல்ல அண்ணாச்சி. ரெண்டாவதுக்குச் சிலுவைதான்.”

“யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்லா.”

அவர் என் அப்பாவைப் பார்த்தார். “ஒம் மவ எங்கள வேலையை விட்டு அனுப்பிருவா போலிருக்கே வே,” என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பிறகு அண்ணாச்சி கடைசிப் பக்கத்து எழுத்துப் பெட்டியைத் துழாவி, ஞானஸ்நானப் பட்டியலுக்குப் போடுகிற சிலுவை ஒன்றை எடுத்து வைத்தார். அது பெரியது, தடித்தது. பொடி எழுத்துக்கு நடுவில் கறுப்பாக எழுந்து நின்றது. “இப்ப நல்லா விழும்,” என்றார். நல்லா விழுந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மேல பெரிய எழுத்தா இருக்கு, கீழ பொடிசா இருக்கே. ஏன்ட்டி?” என்று கேட்டார்.

“மேல இருக்கது நான் சொன்னதுப்பா. கீழ இருக்கது அவுகள்லாம் சொன்னது.”

“அப்ப நீ சொன்னது எது?”

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ நீளமாகச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார்.

கூட்டத்தில் கட்டுரை நன்றாக எடுபட்டது. பண்டிதர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்குறிப்பு ஒவ்வொன்றாக வாசித்தார். “புருஷன் பேரு முதக்கொண்டு போட்டிருக்காளே. இனி யாரு மறுக்க முடியும்?” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்திரிகைப் பிரதி ஒன்றைப் புதுத் துணியில் சுற்றிக்கொண்டு ஆவுடை அக்காவிடம் காட்டுவதற்காகக் கல்லிடைக்குறிச்சிக்கு ரயிலேறினேன்.

எனக்கு முன்னால் பத்திரிகை போய்ச் சேர்ந்திருந்தது. ஆவுடை அக்காவின் கொழுந்தன் அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை கற்றுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு வேதக்கார குமாஸ்தா, “உங்க மதினி எங்க வேதத்துல சேர்ந்தாச்சு போலுக்கே, சொல்லவே இல்ல?” என்று விளையாட்டாக நீட்டிய பத்திரிகையை அவன் கையோடு வாங்கிவந்துவிட்டான்.

பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. அன்று சாத்தியிருந்தது. தட்டினேன். கொழுந்தன் திறந்தான். வழிவிடாமல் நின்றான்.

“இது என்ன?” என்று பத்திரிகையை விரித்தான்.

“என் கட்டுரை. உங்க மதினி சொன்ன சொல்லு ரெண்டு—”

“சொல்லு கெடக்கட்டும். இது என்ன?” விரல் அந்தக் கறுப்புச் சிலுவையின்மேல் இருந்தது.

“அது அடிக்குறிப்புக்கு உள்ள குறி. மேல சொல்லுக்கிட்ட ஒரு குறி, கீழ பேருக்கிட்ட அதே குறி. இந்தச் சொல்ல இவுக சொன்னாகன்னு அர்த்தம்.”

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். வரிசையாகப் பெயர்கள், வரிசையாகச் சிலுவைகள். “இதுவும் அடிக்குறிப்பா?”

“அது வேற.”

“எப்படி வேற? ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு.”

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த எழுத்துகள் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

“மொதப் பேரு உங்க போதகர் வீட்டம்மாவுக்கு. அவுகளுக்கு நட்சத்திரம். எங்க மதினிக்குச் சிலுவை. மாத்திப் போட்டிருந்தாக்கூட ஊருல ஒருத்தரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாக.”

“வரிசைப்படி ரெண்டாவதுக்கு அதுதான் வரும். மூணாவதுக்கு ரெட்டைச் சிலுவை,” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு முறை வாயில் வந்தது.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. “மூணாவதா இருந்தா ரெட்டைச் சிலுவையா? அந்த மட்டும் தப்பிச்சா.” பிறகு அவளே வந்து நின்றாள். எப்போதும் என்னைச் சீண்டுகிற முகம் அன்று சுண்டிப்போய் இருந்தது. “கல்யாண வீட்டுக்காரக அப்பளம் வேண்டாம்னு சொல்லிவிட்டாக, தெரியுமா? வேதத்துல சேர்ந்தவ கை பட்ட மாவாம். நான் போயி, இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுதேன். அவுக பேப்பரக் காட்டுதாக. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா குருசு தெரியும்லா?”

பின்னால் ஆவுடை அக்கா வந்தாள். அழுத முகமாக இல்லை. கொழுந்தன் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினாள். அவன் கொடுத்துவிட்டான்.

“எங்கன இருக்கு எம்பேரு?”

காட்டினேன். தன் பெயரை அச்சில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலை வைத்து, உளுத்தமாவில் எழுதுகிறமாதிரியே மெல்ல நகர்த்தி, வாய்விட்டு வாசித்தாள். “ஆவுடையம்மாள்...” அடுத்த சொல்லுக்கு விரல் போனது. வாய் நின்றது. உதடு அசையாமல் அந்தச் சொல் முழுவதையும் கடந்து, “மனைவி,” என்று மறுபடி தொடங்கி, தெருவையும் ஊரையும் வாசித்து முடித்தாள். வாசிக்கத் தெரியாமல் நின்ற இடம் இல்லை அது. மாமியாருக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன்.

“ஒரு எழுத்துப்பிழை இல்லியே, வாத்திச்சி,” என்றாள் ஆவுடை அக்கா. “இனி நீ வராண்டாம். வேணும்னா ஆள் விடுதேன்.”

ஆள் வரவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். பத்திரிகையின் பொறுப்பாளரிடம் போய்த் திருத்தம் போடச் சொன்னேன். “அச்சுல பிழை இல்லியேம்மா. எதைத் திருத்த?” என்றார். அந்தக் குறி சிலுவை இல்லை, வெறும் வரிசைக் குறி என்று போடுங்கள் என்றேன். “இது சிலுவை இல்லன்னு நம்ம பத்திரிகையில நாமளே போடுததா? படிக்கவன் என்ன நெனப்பான்?” என்றார். கடைசியில், இப்பத்திரிகையில் வரும் அடிக்குறிப்புக் குறிகள் வரிசையை மட்டுமே குறிக்கும் என்று பொதுவாக இரண்டு வரி, விளம்பரத்துக்குக் கீழே வந்தது. ஆவுடையம்மாளின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அதை வாசித்த ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

தை வந்தது. பரீட்சைக்கு அவள் வரவில்லை. ஊர் வாய் அடங்கட்டும் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து புருஷன் வந்து கொழும்புக்குக் கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கோ அந்தக் கட்டுரையால் பாளையங்கோட்டைப் பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்தது. ஆதாரத்தை முறையாகக் கொடுக்கத் தெரிந்தவள் என்று துரைசாணி அம்மாளே சிபாரிசு எழுதினாள். நான் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள்கூட அப்படி யோசிக்கவில்லை. அந்தத் தெருவைத் தாண்டிப் போகவேண்டாமே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. இரண்டாவது வாத்திச்சியும் இல்லை, முதல் வாத்திச்சியும் போய்விட்டாள். அடுத்த வருஷம் பள்ளியை மூடிவிட்டார்கள்.

இப்போது அந்த அறையில் யாரோ நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். அப்பளம் போட்ட வீடு கைமாறிவிட்டது. ஐரோப்பாவில் சண்டை வந்து காகிதம் அகப்படாமல் போனபோது பத்திரிகையின் கடைசிப் பக்கம் நின்றது. பிறகு திரும்ப வரவில்லை. ஞானமுத்து அண்ணாச்சியின் பெட்டியிலிருந்த நட்சத்திரங்களும் சிலுவைகளும் உருக்குவதற்குப் போய்விட்டன. அடிக்குறிப்புக்கு இப்போது எண்தான். எண்ணைப் பார்த்து எவரும் எவரையும் எந்த வேதத்திலும் சேர்க்க முடியாது. என் மாணவியின் கட்டுரையில் இருந்தது ஒருவேளை இந்த ஜில்லாவின் கடைசிச் சிலுவைக்குறியாக இருக்கலாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்துக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து இப்போது புத்தகமாகப் போடுகிறார்கள். என் கட்டுரையும் உண்டு. பண்டிதர் என்னைக் கூப்பிட்டு, “பேரையெல்லாம் அப்படியே விடும்மா. எண்ணு போட்டாச்சுல்லா, இனி வம்பு வராது. பேரு இல்லன்னா அது வெறும் ஊர்ப்பேச்சு,” என்றார். பெயரை எடுத்துவிட்டால் அவள் சொன்ன இரண்டு சொற்களும் நான் கண்டுபிடித்ததாக ஆகிவிடும். விட்டுவைத்தால் பழையதை மறுபடி கிளறியதாக ஆகும். மூன்று நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தேன். சிலுவை விழுந்ததற்காக இத்தனை வருஷம் என்னை நொந்துகொண்டிருக்கிறேன். தடித்த எழுத்தை எடுத்து வைத்தது அண்ணாச்சிதானே என்று சில சமயம் சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெயர் என்ன, புருஷன் பெயர் என்ன, தெரு எது என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நான், இதை அச்சில் போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

கொழும்பிலிருந்து அவர்கள் திரும்பிவிட்டார்கள். பாபநாசத்தில் நூல் ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பதாக என் பழைய மாணவி ஒருத்தி போன வருஷமே சொன்னாள். போன வருஷமே எனக்குத் தெரியும். நான் போகவில்லை.

நேற்றுக் காலையில் அச்சுக்கூடத்துக்குப் போனேன். ஞானமுத்து அண்ணாச்சிக்கு இப்போது கண்ணாடி போட்டும் சரியாகத் தெரிவதில்லை. என் பக்கத்தை இன்னும் அச்சுக்குக் கட்டவேண்டாம் என்றேன். அடிக்குறிப்பில் ஆவுடை அக்கா பெயர் வரும் இரண்டு வரியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்தில்லாத வெற்று ஈயம் வைக்கச் சொன்னேன்.

“சரி.”

“தலைப்புக்குக் கீழ எம்பேரு இருக்குல்லா, அதையும் எடுத்துருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏட்டி, அப்ப யாரு எழுதுனதுன்னு போட?”

“கேட்டுட்டு வந்து சொல்லுதேன்.”

இன்று காலையில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் வாங்கினேன். அங்கிருந்து பாபநாசம் போகும் மாட்டுவண்டியில் இடம் பிடித்து ஏறியபோது, வழியில் மழை வருமா என்று வண்டிக்காரர் கேட்டார். தெரியாது என்றேன்.